மிதிச்சா போகும் படகு!

நீச்சல் தெரியாத எனக்கு லைஃப் ஜாக்கெட்தான் குலதெய்வம். சிங்கப்பூரின் சாங்கி படகுத்துறையிலிருந்து பத்து நிமிஷத்தில் உபின் தீவு. அங்கேதான் முதல்முறையா பெடல் கயாக்!

சைக்கிள் மாதிரி சுத்தக்கூடாது. காலை மாத்தி மாத்தி முன்னே தள்ளணும். படகுக்கு அடியில் ரெண்டு சிறகு, பெங்குயின் மாதிரி அசையும். 1997-ல் ஹோபி கம்பெனி கொண்டுவந்த டெக்னிக். கை ஃப்ரீ! ''துடுப்பு எதுக்குண்ணே?''ன்னு கெத்தா கேட்டேன். தமிழ்க்கார கைடு சிரிச்சுக்கிட்டே அதைப் படகுல சொருகிவெச்சார்.

அலையாத்திக் காட்டுக்குள்ள நுழைஞ்சா, தண்ணி வடியுற நேரம். சிறகு சேத்துல சிக்கி, பெடல் ஸ்டிரைக்! எனக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு. ''ஒரு பெடலை முழுசா முன்னே தள்ளு தம்பி, சிறகு மேலே ஒட்டிக்கும். இப்ப துடுப்பை எடு!''

கை நடுங்க நாலு தள்ளு... வெளியே வந்தாச்சு!

ஃப்ரெண்ட்ஸ், காலை நம்புங்க. ஆனா, துடுப்பைக் கரையில விட்டுட்டுப் போயிடாதீங்க!