முதல் எழுத்து



ஒன்றை அழிப்பது வேறு. அது அழிந்துவிட்டதாகக் குறித்து வைப்பது வேறு. இந்த வேறுபாட்டைத் தொடக்ககாலத் தனிநபர்க் கணினிகளிடம் நாம் கற்றுக்கொள்ளலாம்.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனிநபர்க் கணினியை வெளியிட்டது. அதற்கெனத் தரப்பட்ட டாஸ் என்னும் இயக்க மென்பொருள், ஒவ்வொரு பிளாப்பி வட்டிலும் ஒரு பெயர்ப்பட்டியலை வைத்திருந்தது. ஒரு கோப்புக்கு அதில் 32 பைட்டு இடம். பெயருக்கு எட்டு எழுத்துகள், வகையைச் சொல்ல மூன்று எழுத்துகள், கோப்பின் அளவு, அது தொடங்கும் இடம் ஆகியவை அதில் அடங்கும். கோப்பின் துண்டுகள் எந்த வரிசையில் தொடர்கின்றன என்பதை மற்றோர் அட்டவணை காட்டியது.

ஒரு கோப்பை நீக்கும்படி கட்டளையிட்டால் என்ன நிகழ்ந்தது? பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் 229 என்னும் எண் எழுதப்பட்டது. அதன் துண்டுகள் இருந்த இடங்கள் காலியென்று அட்டவணையில் குறிக்கப்பட்டன. அவ்வளவே. உள்ளே எழுதப்பட்டவை தொடப்படாமலே இருந்தன. கேரி கில்டால் 1970களில் உருவாக்கிய சி.பி.எம். மென்பொருளும் நீக்கிய கோப்பை இதே எண்ணால்தான் குறித்தது.

1982இல் பீட்டர் நார்ட்டன் வெளியிட்ட மென்பொருள் தொகுப்பு, இவ்வாறு மறைந்த கோப்புகளை மீட்க உதவியது. 1991இல் வந்த எம்.எஸ்.டாஸ் 5 இவ்வசதியைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. மீட்கும்போது அது பயனரிடம் ஒன்றைக் கேட்கும்: கோப்பின் பெயரில் முதல் எழுத்து எது?

அந்நாட்களில் என் தந்தையார், தாம் பிறருக்குத் தரவேண்டிய கடன்களைக் கடைக் கணினியில் எழுதி வைத்திருந்தார். அவர் மறைந்த சில வாரங்களில், வட்டில் இடம் வேண்டி என் தம்பி அக்கோப்பை நீக்கிவிட்டான். கணினி அறிந்த நண்பர் ஒருவரை அழைத்தோம். அவர் முதலில் சொன்னது, "இதில் இனி எதையும் எழுதாதீர்கள்" என்பதே. பின்பு திரையில் பெயர் தோன்றியது, முதலிடத்தில் கேள்விக்குறி. எந்த எழுத்தைத் தந்தாலும் இயந்திரம் ஏற்றிருக்கும். ஆனால் அம்மாதான் சரியான எழுத்தைச் சொன்னார். அது அவருடைய பெயர். பட்டியல் திரும்பியது. அதில் பணம் கேட்டு ஒருபோதும் வராத ஒரு விதவைத் தாயாரின் பெயரும் இருந்தது. அம்மா அத்தொகையை முதலில் கொடுத்தார்.

அந்நண்பரின் முதல் அறிவுரையைப் பல வீடுகளில் நான் நினைத்ததுண்டு. உடன்பிறந்தவரோடு பேச்சு முறிகிறது. நண்பர் விலகிச் செல்கிறார். "அந்த உறவு முடிந்தது" என்கிறோம். உண்மையில் நாம் பட்டியலில் ஓர் எழுத்தைத்தான் மாற்றியிருக்கிறோம். பல ஆண்டுகள் பகிர்ந்துகொண்ட அன்பு உள்ளே அப்படியே இருக்கிறது. ஆனால் அதன்மேல் அவசரமாய்ப் புதியவற்றை எழுதத் தொடங்குகிறோம்: பழிச்சொற்கள், பிறரிடம் சொல்லும் கதைகள், கூட்டிச் சொன்ன குறைகள். வட்டில் மேலே எழுதப்பட்ட இடத்திலிருந்து பழையதை அந்நிரலால் மீட்க இயலாது. நம்மிடையேயும் அப்படித் திரும்பாமற்போனவை உண்டு. ஆகையால் இழந்தோம் என்று உணரும் நாளில் செய்யத்தக்க முதற்செயல், எழுதாமல் நிற்பதே.

அதன்பின் ஒருவர் முதல் எழுத்தைத் தரவேண்டும். அதை இயந்திரம் தராது; நினைவில் வைத்திருக்கும் மனிதரே தரமுடியும். பல உறவுகளில் அந்த எழுத்து, நாம் நெடுநாளாய் உச்சரிக்காத ஒரு பெயராகவே இருக்கிறது.

அன்பானவர்களே, இவ்வாரம் அப்படி ஒரு பெயரை அழைத்துப் பாருங்கள்.