இருவாய்ச்சியின் சிறைவாசம்

வால்பாறைக் காட்டில் தலைக்கு மேலே ரயில் ஓடுவது போல் சத்தம் கேட்டால் திடுக்கிடாதீர்கள். அது இருவாய்ச்சி சிறகடிக்கும் ஓசை! நாலடி நீளம்; கறுப்பும் வெள்ளையுமாக உடம்பு; பெரிய மஞ்சள் அலகு; அதன் மேல் தொப்பி கவிழ்த்தாற்போல் ஒரு புடைப்பு.

மாசி மாதம் போயிருந்தேன். வழிகாட்ட வந்த பெரியவர் ஓர் உயர்ந்த மரத்துப் பொந்தைக் காட்டினார். சிறு பிளவு தவிர வாசலெல்லாம் பூசி மூடியிருந்தது.

"உள்ளே பெட்டை இருக்குதுங்க" என்றார்.

முட்டையிடப் போகும் பெட்டை, தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்துக்கொள்ளும். குஞ்சு ஓரளவு வளரும் வரை, மாதக்கணக்கில் சிறைவாசம்! ஆண்தான் அத்திப்பழமும், சில சமயம் ஓணானும் கொண்டுவந்து பிளவு வழியே ஊட்ட வேண்டும்.

"ஆணை யாராவது சுட்டுவிட்டால்?"

"ஒரு குண்டுக்கு மூணு உசிரு போயிருமுங்க."

பேசாமல் காத்திருந்தோம். தலைக்கு மேலே ரயில் ஓசை. அப்பாடா!