எண்ணா, எழுத்தா?

புதுச்சேரியில் நான் படித்த பள்ளியில் பாடமெல்லாம் பிரெஞ்சில்தான். 97 என்று சொல்வதற்கே 'நாலு இருபது, பத்து, ஏழு' என்று மனக்கணக்குப் போட வைக்கும் மொழி அது. ஆனால் எண் விஷயத்தில் அந்த மொழியில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. நாம் 'எண்' என்றோ 'நம்பர்' என்றோ ஒரே சொல்லில் முடித்துவிடுவதற்கு அங்கே மூன்று சொற்கள். 0 முதல் 9 வரை உள்ள இலக்கம் 'ஷிஃப்ர்'. எத்தனை, எவ்வளவு என்று கேட்டால் பதிலாக வருவது 'நோம்ப்ர்'. வீட்டு எண், பஸ் எண், டெலிபோன் எண் எல்லாம் 'நுமெரோ'.

நோம்ப்ருக்கும் நுமெரோவுக்கும் வித்தியாசம் தெரியாமல் விழித்த பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிரியர் ஒரு வழி சொல்லித் தந்தார். இரண்டைக் கூட்டிப் பார். அர்த்தம் வந்தால் நோம்ப்ர், வராவிட்டால் நுமெரோ. மூன்று மாம்பழமும் நாலு மாம்பழமும் ஏழு மாம்பழம். 3-ம் நம்பர் வீட்டையும் 4-ம் நம்பர் வீட்டையும் கூட்டினால் 7-ம் நம்பர் வீடு வராது.

பிற்பாடு கருவூலத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது இதே பாடம் வேறு உருவத்தில் வந்தது. பேரேட்டில் தொகைக்கு ஒரு பத்தி, வவுச்சர் எண்ணுக்கு ஒரு பத்தி. தொகைப் பத்திக்குக் கீழேதான் கூட்டல் போடுவோம். வவுச்சர் எண்களை யாரும் கூட்டியதில்லை. வருங்கால வைப்பு நிதிக் கணக்கு எண்ணுக்குப் பின்னால் துறையைக் குறிக்கும் எழுத்துக்களும் இருக்கும். கல்வித்துறை ஆசிரியர் என்றால் எண்ணை அடுத்து ஈ.டி.என். என்று வரும். அந்த மூன்று எழுத்து இருப்பதாலேயே அதை யாரும் தொகை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்தப் பழைய கதையை இப்போது சொல்லக் காரணம் எக்செல். ஓசூரில் இன்று எக்செல் இல்லாமல் ஒரு வேலையும் நடப்பதில்லை. சிப்காட் கம்பெனிகளின் சம்பளப் பட்டியலிலிருந்து நம் குடியிருப்போர் சங்கத்தின் சந்தாப் பட்டியல் வரை எல்லாம் அதில்தான். கூட்டலில் அது கெட்டி. ஆனால் நுமெரோ என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. கட்டத்தில் வெறும் இலக்கங்களாக எதைப் போட்டாலும், கூட்டுவதற்காகத் தந்த தொகை என்றே எடுத்துக்கொள்ளும்.

அதனால் மூன்று விதமான கோளாறுகள் வருகின்றன. மூன்றும் வேறு வேறு என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது, முன்னால் இருக்கும் பூஜ்யம் போய்விடும். ஓசூரின் எஸ்.டி.டி. எண் 04344, கிருஷ்ணகிரிக்கு 04343. எக்செல்லில் அடித்தால் 4344, 4343 என்று நிற்கும். தொகை என்று பார்த்தால் முன்னால் உள்ள பூஜ்யத்துக்கு மதிப்பில்லைதானே!

இரண்டாவது, பார்வைக் கோளாறு. ஆதார் எண் 12 இலக்கம். பி.எஃப். யு.ஏ.என். எண்ணும் 12 இலக்கம். சாதாரணக் கட்டத்தில் எக்செல் 11 இலக்கம் வரைதான் முழுதாகக் காட்டும். 12-ஐத் தொட்டதும் 1.23457E+11 என்பது போல் விஞ்ஞானிகள் எழுதும் முறைக்கு மாறிவிடும். பார்த்ததும் பயமாக இருக்கும், ஆனால் பயப்படத் தேவையில்லை. உள்ளே 12 இலக்கமும் பத்திரமாக இருக்கும். அந்தப் பத்தியின் அமைப்பை 'நம்பர்' என்று மாற்றி, தசம இலக்கம் பூஜ்யம் என்று வைத்தால் முழு எண்ணும் தெரியும். ஆனால் இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அப்படித் தெரியும்போதே அந்தத் தாளை சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால், கண்ணுக்குத் தெரிவதைத்தான் அது எழுதி வைக்கும். கோப்பை மூடியபின் மீதி இலக்கங்களைத் தேடினால் கிடைக்காது.

மூன்றாவதுதான் பெரிய கோளாறு. எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். 16-வது இலக்கத்திலிருந்து எல்லாம் பூஜ்யம். 1234567890123456 என்று அடித்துப் பாருங்கள். 1234567890123450 என்று ஆகியிருக்கும். பத்தியை அகலப்படுத்தினாலும் அமைப்பை மாற்றினாலும் அந்த 6 திரும்பி வராது. அது மறைந்திருக்கவில்லை, உள்ளே சேரவே இல்லை. எச்சரிக்கை எதுவும் வராது என்பதுதான் கொடுமை.

15 என்ன கணக்கு? எண்களைக் கம்ப்யூட்டரில் எப்படி வைப்பது என்று 1985-ல் ஐ.இ.இ.இ. 754 என்ற பொதுவிதி வந்தது. அதன்படி ஒரு எண்ணுக்கு 64 பிட்டுகள் இடம். அதில் இலக்கங்களுக்குக் கிடைக்கும் துல்லியம் 53 பிட்டு. 2-ஐ 53 தடவை பெருக்கினால் 9,00,71,99,25,47,40,992 வரும். நம் கணக்கில் சுமார் 90 கோடி கோடி. அதற்கு மேல் எல்லா முழு எண்களையும் பிசகாமல் வைக்க முடியாது. எந்த எண்ணாக இருந்தாலும் 15 இலக்கம் வரை நிச்சயம் பிசகாது என்பதால் எக்செல் அங்கே கோடு போட்டுவிட்டது.

தொகைக்கு இது தாராளம். தமிழக அரசின் ஓராண்டு பட்ஜெட்டை ரூபாயில் எழுதினாலே 13 இலக்கம்தான். ஆனால் நம் நாட்டு வங்கிக் கணக்கு எண்கள் வங்கிக்கு வங்கி நீளம் மாறும். சில வங்கிகளில் 11, சிலவற்றில் 16. இ.எஸ்.ஐ. நிறுவனங்களுக்குத் தரும் குறியீட்டு எண் 17 இலக்கம். மாதம் பதினைந்தாயிரம் வாங்கும் தொழிலாளியின் கணக்கு எண், மாநில பட்ஜெட்டை விட நீளம்!

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பக்கத்திலிருந்தே பார்த்தேன். எங்கள் தெருவில் ஒரு தம்பி, ஒரு லேபர் கான்ட்ராக்டரிடம் கணக்கு எழுதுகிறார். நாற்பது பேருக்கு மேல் ஆட்கள். இந்தப் பக்கத்துக்காரர்களும் உண்டு, பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்களும் உண்டு. ஒரு மாதம் மூன்று பேருக்குச் சம்பளம் போய்ச் சேரவில்லை. அதில் ஒரு பையன், ஊரில் தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட இந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தான். சூப்பர்வைசர் அவனிடம், கணக்கு எண்ணைத் தப்பாக எழுதிக் கொடுத்தது நீதான் என்று சத்தம் போட்டிருக்கிறார். பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு, தெரிந்த அரைகுறைத் தமிழில் இல்லை இல்லை என்று சொல்லியபடி நின்றிருக்கிறான் பாவம்.

அன்று மாலை அந்தத் தம்பி பட்டியலோடு என்னிடம் வந்தார். "சார், வாங்கின எண்ணைத்தான் அடிச்சேன். இதே வங்கி, இதே 16 நம்பர், நாலாவது ஆளுக்குப் பணம் போயிருக்கே?" என்றார். நான்கு எண்களையும் பாஸ்புக் நகலோடு வைத்துப் பார்த்தேன். பட்டியலில் நான்கும் பூஜ்யத்தில் முடிந்தன. நகலில் ஒன்று மட்டும்தான் பூஜ்யத்தில் முடிந்தது. அந்த நாலாவது ஆளின் கடைசி இலக்கம் நிஜமாகவே 0. அதனால் அவர் தப்பித்தார். பையன் எழுதிக் கொடுத்ததில் ஒரு இலக்கம்கூடப் பிசகில்லை.

அந்த மூன்று தொகையும் வங்கியிலிருந்து திரும்பி வந்துவிட்டன. சரியான எண்ணுக்கு மறுபடி அனுப்பினார்கள். இதிலும் அதிர்ஷ்டம்தான் என்பேன். நெஃப்ட் போன்ற பரிமாற்றங்களில் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010-ல் சொல்லியிருக்கிறது. பூஜ்யத்தில் முடியும் அந்த எண்ணில் வேறொருவர் கணக்கு இருந்திருந்தால் பணம் அங்கே போயிருக்கும். பணம் அனுப்புமுன் பெறுபவரின் பெயரைச் சரிபார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் முதல் தேதிக்குள் எல்லா வங்கிகளும் தர வேண்டும் என்று பிறகு உத்தரவு வந்தது. அதைப் பயன்படுத்துங்கள்.

நம்மூர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு 'மார்ச் 1', 'செப்ட் 1' என்று சுருக்கப் பெயர்கள் இருந்தன. எக்செல் அவற்றைத் தேதி என்று எண்ணி மாற்றி வைத்தது. மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் சர்வதேசக் குழு 2020-ல் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. விஞ்ஞானிகளுக்காவது பெயரை மாற்றும் வசதி இருந்தது. தொழிலாளி தன் கணக்கு எண்ணை மாற்ற முடியுமா?

பரிகாரம் சுலபம். கணக்கு எண், ஆதார், போன் நம்பர் எழுதப் போகும் பத்தியை, அடிக்கும் முன்பே தேர்ந்தெடுத்து 'டெக்ஸ்ட்' என்று அமைத்துவிடுங்கள். அடித்த பிறகு மாற்றினால் போன இலக்கம் வராது. ஒன்றிரண்டு எண்தான் என்றால் முதலில் ஒற்றை மேற்கோள் குறி போட்டு எண்ணை அடிக்கலாம். குறி கட்டத்தில் தெரியாது, எண் அப்படியே நிற்கும். பிறர் அனுப்பிய சி.எஸ்.வி. கோப்பை நேராகத் திறக்காமல், 'டேட்டா' பகுதி வழியாக உள்ளே கொண்டுவந்து அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று குறியுங்கள். சரியாக அமைந்ததா என்று பார்க்க ஒரு அடையாளம் உண்டு. தொகை கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டும், டெக்ஸ்ட் இடது ஓரத்தில் நிற்கும்.

ஆதார் அட்டையை எடுத்துப் பாருங்கள். எண்ணை நாலு நாலாகப் பிரித்து இடைவெளி விட்டு அச்சடித்திருப்பார்கள். லட்சம், கோடி என்று கமா போடவில்லை. வாசலில் நிற்கும் வண்டியில் டி.என்.70 என்ற எழுத்துக்கள் இருப்பதால் எக்செல் அதைத் தொடுவதில்லை. எழுத்துத் துணை இல்லாமல் வெறும் இலக்கங்களாக நிற்கும் எண்களுக்குத்தான் நாம் துணை நிற்க வேண்டும்.

ஆகவே சங்கத்துக்கோ கோயில் கமிட்டிக்கோ பட்டியல் போடும்போது என் பழைய ஆசிரியரின் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதைக் கூட்டினால் அர்த்தம் வருமா? வந்தால் எண்ணாக எழுதுங்கள். வராவிட்டால் அது ஒருவருடைய பெயர் மாதிரி. எழுத்தாகவே எழுதுங்கள். எழுதி முடித்ததும் கடைசி இலக்கத்தைப் பாஸ்புக்கோடு ஒரு தடவை ஒத்துப் பாருங்கள்.