காருக்குக் கீழே ஓடுகிற இரண்டு குழாய்கள்

பழைய கார் எண்டால் எல்லாரும் பார்க்கிறது பெயின்ரையும் குரோமையும்தான். எங்கட குடும்பத்து மொறிஸ் மைனரையும் கலியாண வீடுகளில் அப்படித்தான் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். பெரியப்பா பிள்ளைகளும் சித்தப்பா பிள்ளைகளுமாக நாங்கள் நாலு பேர் இந்த வருசம் முழுக்கப் பார்த்தது அதின்ர அடிவயிற்றை மட்டும்தான். பழைய எஞ்சினைக் கழற்றி ஒரு ஜப்பான் எஞ்சினை வைத்தோம். சைலன்சர் பைப் போகிற பாதை மாறியது. அது வந்து நின்ற இடத்தில் பழைய பிரேக் லைன் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே பெற்றோல் லைனையும் பிரேக் லைனையும் புதிதாக இழுக்க வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

பெரியப்பாவுக்கு விருப்பமில்லை. "பிரேக் பிடிக்குதுதானே, பிறகேன் பிள்ளையள் அதைக் கிண்டுறியள்?" என்றார்.

அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு காலம் இருக்கிறது. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு, பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றுபோனது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலேசில் ஆவியாகாது. அதனால் ஒரு சின்னப் போத்தல் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் போத்தலுக்காகப் பெரியப்பா பூட்டிய சின்னத் திருகியும், அதில் மாட்டியிருந்த சலைன் ரியூப் துண்டும் எங்கட காரில் அப்படியே இருந்தன. பெற்றோல் பட்டுப் பட்டு அந்த ரியூப் குச்சி மாதிரி இறுகிக் கிடந்தது. ஊரையே ஓட வைத்த கெட்டித்தனம் அது. எங்களுக்கு அதில் பெருமைதான்.

ஆனால் இரண்டு குழாயும் ஒன்றல்ல. பெற்றோல் லைன் அடைத்தால் கார் நிற்கும். பிரேக் லைன் வெடித்தால் கார் நிற்காது.

மைனரின் மாஸ்ரர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தளத்துக்குக் கீழே இருக்கிறது. கார்ப்பெற்றைத் தூக்கித்தான் பிரேக் ஒயில் பார்க்க வேண்டும். அதனால் கனபேர் பார்ப்பதில்லை. நாலு சில்லுக்கும் ஒரே ஒரு லைன். எங்கேயாவது ஒரு இடத்தில் ஒழுகினால் நாலும் போச்சு, மிஞ்சுவது கைப்பிரேக் மட்டும். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் இரும்புக் குழாயை உள்ளிருந்தே அரிக்கும். வெளியில் இருந்து எங்கட கடல்காற்று அரிக்கும். கழற்றிய பின்பக்கக் குழாயை அரிந்து பெரியப்பாவிடம் காட்டினோம். வெளியே பெயின்ற் பூசி நல்லாத்தான் இருந்தது. உள்ளே துரு. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் ஒன்றும் பேசவில்லை.

ஒரு கராஜில் பிரிட்ஜுக்குப் போடுகிற செப்புக் குழாயைப் போடச் சொன்னார்கள். மலிவு, வளைக்கவும் இலேசு. ஆனால் வெறும் செப்பு அதிர்வில் இறுகி வெடிக்கும். செப்பும் நிக்கலும் கலந்த 3/16 அங்குலக் குழாய் கிடைக்கும்வரை காத்திருந்தோம். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன் போகிற மாதிரி, இரண்டு பகுதியுள்ள மாஸ்ரர் சிலிண்டர் போட்டோம்.

பிறகு பாதை. சைலன்சரை விட்டு எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலக்கினோம். சூட்டில் பிரேக் ஒயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். பெற்றோல் கொதித்தால் எஞ்சின் நடுறோட்டில் நிற்கும். சூடான பைப்பில் பெற்றோல் சொட்டினால் நெருப்பு. ஜக் வைக்கிற இடத்தையும் கல் அடிக்கிற இடத்தையும் தவிர்த்தோம். குழாய் உரசாமல் கிட்டக்கிட்டக் கிளிப் அடித்தோம். எஞ்சின் றப்பரில் ஆடும், பொடி ஆடாது; ஆகவே பெற்றோல் லைன் எஞ்சினைத் தொடுகிற கடைசித் துண்டு மட்டும் பெற்றோலுக்கென்றே செய்த றப்பர் ஹோஸ். ஸ்ரியறிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, பிரேக் ஹோஸ் ரயரில் முட்டுதா என்று பார்த்தோம்.

காற்று எடுக்கிற நாளில் பெடலை மிதித்தது பெரியப்பா. தூரத்தில் உள்ள இடப்பக்கப் பின்சில்லில் தொடங்கி, அவர் மிதிக்க நாங்கள் நிப்பிளைத் திறந்து மூடினோம். நாலாவது சில்லு முடிய, "இப்பதான் காலுக்குக் கல்லு மாதிரி இருக்கு" என்றார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு எத்தனையோ பழைய கார்கள் திரும்ப றோட்டுக்கு வந்தன. அவற்றில் பலதை இப்போது ஓட்டுவது எங்கட வயசுக்காரர். சமாளிப்பது வழியில்லாத காலத்தின் கெட்டித்தனம். வழி இருக்கும்போதும் பிரேக்கில் சமாளித்தால் அது வெறும் அலட்சியம். அந்தச் சின்னத் திருகியை நாங்கள் எறியவில்லை. துடைத்து டாஷ்போர்ட் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். உங்கட வீட்டிலும் ஒரு பழைய கார் நின்றால், கழுவுகிற நேரத்தில் ஒருக்கால் குனிந்து கீழேயும் பாருங்கோ.