கேள், தங்கச்சி!



வாழ்க்கையைப் பற்றியும் தொழிலைப் பற்றியும் பிறருக்கு அறிவுரை கூறும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. இருபத்திரண்டு வயதில் ஒரே ஒருத்திக்கு மட்டும்தான் என்னால் உரிமையோடு அறிவுரை சொல்ல முடியும். 2015-ஆம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வை எழுதி முடித்துவிட்டு, சுங்கைப் பட்டாணியில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியிலிருந்து வெளியே வந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி அவள். அந்தச் சிறுமி நான்தான். அவளைத் 'தங்கச்சி' என்றே அழைக்க விரும்புகிறேன். அவளைப் போன்ற ஒருத்தியை உங்கள் வீட்டிலும் நீங்கள் கண்டிருப்பீர்கள்.

தங்கச்சி,

உனக்கு நான் சொல்ல வந்தது ஒரே ஒரு சொல்தான். கேள்!

தமிழில் இச்சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, செவிகொடு. மற்றொன்று, வினவு. திருக்குறளின் 42-ஆம் அதிகாரத்திற்குக் 'கேள்வி' என்று பெயர். கற்றவர் சொல்வதைச் செவிவழியாகப் பெறுவதையே வள்ளுவர் அங்குக் கேள்வி என்கிறார். இன்று கேள்வி என்றால் வினா என்றுதான் நமக்குத் தோன்றும். முதல் பொருளை உனக்கு வீடும் பள்ளியும் நன்றாகவே கற்றுக்கொடுத்திருக்கின்றன. அம்மா சொன்னால் கேள், ஆசிரியர் சொன்னால் கேள், பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்றெல்லாம் வளர்ந்தவள் நீ. அது நல்ல வளர்ப்புதான். இனிமேல் உனக்கு இரண்டாம் பொருளும் தேவைப்படும்.

2016-இல் தேசிய இடைநிலைப்பள்ளியில் உன்னைப் 'பெராலிஹான்' எனப்படும் புகுமுக வகுப்பில் அமர்த்துவார்கள். மலாய்மொழித் தாளில் போதிய தேர்ச்சி பெறாத தமிழ், சீனப்பள்ளி மாணவர்கள் முதலாம் படிவத்துக்கு முன்பு ஓராண்டு மொழியைப் பலப்படுத்திக்கொள்ளும் வகுப்பு அது. உன் தோழிகள் நேரே முதலாம் படிவத்துக்குப் போய்விடுவார்கள். "ஒரு வருஷம் வீணாப் போச்சே" என்று உறவினர்கள் உச்சுக் கொட்டுவார்கள். அதற்காகக் கலங்காதே. அந்த ஓராண்டில் நீ நான்கு சொற்களைச் சரளமாகச் சொல்லப் பழகிக்கொண்டால் போதும். "சிக்கு, சாயா தா பஹாம்." ஆசிரியரே, எனக்குப் புரியவில்லை! உன் உச்சரிப்பைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். நான்காவது முறை நீ அதைச் சொல்லும்போது, சிரித்தவர்களுள் இருவர் உன்னோடு சேர்ந்து கையை உயர்த்துவார்கள். அவர்களுக்கும் அதுவரை புரிந்திருக்காது.

முதலாம் படிவத்தின் கால அட்டவணையில் தமிழ் இருக்காது. 'ஆசிரியர் இல்லை' என்று பதில் வரும். நீ வந்து சொன்னதும் அம்மா, "இல்லன்னா ஏன் இல்ல?" என்று கேட்பார். கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்த களைப்பிலும் அந்தக் கேள்வியை அவர் விடமாட்டார். பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் அவருக்கு ஒரு விவரம் சொல்வார். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்க வசதி செய்து தரப்பட வேண்டும். அம்மா தாமானில் வீடு வீடாக ஏறி இறங்கி 17 கையெழுத்துகள் வாங்குவார். ஆறேழு மாதங்கள் கழித்துச் சனிக்கிழமை காலையில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் ஒரு மூலையில் தமிழ் வகுப்பு தொடங்கும். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியை நீ எழுதியது அந்த மூலையில் படித்துத்தான். அந்த வகுப்பு இல்லாதிருந்தால் இம்மலரில் இக்கட்டுரை இருந்திருக்குமா என்பது ஐயமே.

நான்காம் படிவத்தில் பெருந்தொற்று வரும். 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளி அடைக்கப்படும். வீட்டில் பிள்ளைகள் மூவர். நீங்கள் பாடத்துக்குப் பயன்படுத்தக்கூடிய கைப்பேசி அப்பாவுடையது ஒன்றுதான். அதுவும் லாரியோடு போய்விடும். அவர் இரவு திரும்பிய பிறகு, கணக்கியல் ஆசிரியருக்கு வாட்சாப்பில் கேள்விகளை அனுப்பு. 'இவ்வளவு நேரங்கழித்துக் கேட்கலாமா?' என்று தயங்காதே. அவர் விடியற்காலையில் குரல்பதிவாகப் பதில் அனுப்பி வைப்பார். அந்தக் குரல்பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போதுதான் அப்பாடம் உனக்குப் பிடித்துப்போகும்.

எஸ்.பி.எம். முடிவு வெளிவந்த வாரமே தொலைபேசி அழைப்புகள் தொடங்கும். "இன்றே பதிந்துகொண்டால் மடிக்கணினி இலவசம்" என்று ஒரு தனியார் கல்லூரியின் முகவர் தேனொழுகப் பேசுவார். அவரிடம் நான்கு கேள்விகளைக் கேள். படிப்பு முடியும்வரை மொத்தச் செலவு எவ்வளவு? இந்தப் படிப்பு மலேசியத் தகுதி நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறதா? பணத்தை எங்கிருந்து திரட்டுவது? முடித்த பிறகு எந்தக் கதவு திறக்கும்? மூன்றாவது கேள்விக்கு அவர் "பி.டி.பி.டி.என். இருக்கே!" என்பார். 1997-ஆம் ஆண்டு முதல் எத்தனையோ ஏழை மாணவர்களைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுவந்த நிதி அது. ஆயினும் அது கடன். ஆண்டுக்கு 1 விழுக்காடு நிர்வாகக் கட்டணத்தோடு திருப்பிச் செலுத்த வேண்டியது. மாதத் தவணை எவ்வளவு என்று கேட்டுப் பார். முகவர் பேச்சை மாற்றுவார்.

மெட்ரிகுலேஷனுக்கு விண்ணப்பிப்பாய், இடம் கிடைக்காது. ஆறாம் படிவம் இருக்கிறது. எஸ்.டி.பி.எம். 2012 முதல் மூன்று தவணைத் தேர்வுகளாக நடத்தப்படுகிறது. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. வீட்டிலிருந்தே போய்வரலாம், செலவும் குறைவு. "இன்னும் ஸ்கூலா?" என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அவ்வழியாகத்தான் நீ 2024-இல் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்க வருவாய். வந்த இடத்திலும் கேள். பட்டம் வாங்கிய மறுநாளே பட்டயக் கணக்காளர் ஆகிவிட முடியாது, மலேசியக் கணக்காளர் கழகத்தில் அத்தகுதியோடு சேர மூன்றாண்டு பணி அனுபவமும் வேண்டும் என்பதை ஒரு மூத்த மாணவியிடம் கேட்டுத்தான் நான் அறிந்தேன்.

நம் பக்கத்து வீட்டு அண்ணனை நீ அறிவாய். கணிதத்தில் கெட்டிக்காரர். எஸ்.பி.எம். முடித்ததும் மோட்டார் சைக்கிளில் உணவு விநியோகிக்கப் போனார். உழைத்துத் தம்பிகளைப் படிக்க வைக்கிறார். அதில் குறைசொல்ல ஏதுமில்லை. ஒருநாள் அவர் என்னிடம், "மேல படிக்க ஆசதான். யார்கிட்ட போய்க் கேக்குறதுன்னே தெரியல" என்றார். நம்மைப் போன்ற வீடுகளுக்கு விவரங்கள் தாமாக வந்து சேர்வதில்லை. படித்த பெற்றோரின் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு மேசையிலேயே கிடைக்கும் செய்தியை, நாம் பத்துப் பேரைக் கேட்டுத்தான் பெற வேண்டியிருக்கிறது. ஆகவே கேட்பதற்கு வெட்கப்படாதே. 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று பாட்டி சொல்வது வெறும் பேச்சில்லை.

கடைசியாக ஒன்று. அப்பாவிடமும் கேள். பல்கலைக்கழகத்தில் பதிந்துகொள்ள அவரோடு பேருந்தில் பயணம் செய்தபோது, "சின்ன வயசுல நீங்க என்னவா ஆகணும்னு நெனச்சீங்கப்பா?" என்று கேட்டேன். தைப்பிங் தாண்டும்வரை அவர் பேசவில்லை. பிறகு, "என்னைய யாரும் அப்படிக் கேட்டதே இல்லம்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ரேடியோ ரிப்பேர் கத்துக்கணும்னு ஆசை" என்றார். ஐம்பது வயது மனிதர், வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தக் கேள்வியை நீ இன்னும் சில ஆண்டுகள் முன்பாகவே அவரிடம் கேட்டுவிடு, தங்கச்சி. அதற்கு வயது வரவேண்டியதில்லை.

வாசகர்களே, அவளிடம் நான் சொல்ல நினைத்தது அவ்வளவுதான். கேட்கச் சொல்லிவிட்டால் மட்டும் போதாது. கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். பட்டம் பெற்றுப் பணியில் இருக்கும் முன்னாள் மாணவர்களே, ஆண்டுக்கு ஒருமுறையாவது நீங்கள் படித்த தமிழ்ப்பள்ளிக்கோ இடைநிலைப்பள்ளிக்கோ சென்று ஒருமணி நேரம் அமருங்கள். உரை நிகழ்த்த வேண்டாம். எப்படி விண்ணப்பித்தீர்கள், எவ்வளவு செலவானது, கடனை எப்படி அடைக்கிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். மறைக்காமல் சொல்லுங்கள். வரும் விடுமுறையில் நான் என் பழைய இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்புக்குப் போகிறேன். ஆசிரியரிடம் அனுமதி கேட்டுவிட்டேன்.