ஃப்ரீமேசன் லாட்ஜ்: கதவுக்கு உள்ளே எல்லோரும் சமமா?

லாட்ஜ் என்றதும் நம்மூரில் நினைவுக்கு வருவது பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மூன்று மாடிக் கட்டிடமும், அதன் வாசலில் தொங்கும் வாடகைப் பட்டியலும்தான். ஃப்ரீமேசன்களின் லாட்ஜ் வேறு. இடைக்கால ஐரோப்பாவில் பெரிய தேவாலயங்கள் எழும்பிய காலத்தில், வேலை நடக்கும் இடத்திலேயே கல்தச்சர்கள் ஒரு கொட்டகை போட்டுக்கொள்வார்கள். உளியும் சுத்தியலும் வைப்பது, மழைக்கு ஒதுங்குவது, சாப்பிடுவது, புதிதாகச் சேர்ந்த பையனுக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அங்கேதான். அந்தக் கொட்டகையின் பெயர்தான் லாட்ஜ்.

தேவாலயங்கள் கட்டி முடிந்துவிட்டன. கொட்டகைகளும் போய்விட்டன. ஆனால் அந்தப் பெயரையும் கருவிகளையும் சடங்குகளையும் வேறு சிலர் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கல்லையே தொடாதவர்கள். வியாபாரிகள், வக்கீல்கள், ராணுவ அதிகாரிகள், பிரபுக்கள்! 1717-ஆம் ஆண்டு ஜூன் 24-ம் தேதி லண்டனில் ஒரு மதுக்கடையில் நான்கு லாட்ஜ்கள் கூடி முதல் கிராண்ட் லாட்ஜை அமைத்தன என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. இல்லை, அது 1721-ல்தான் நடந்தது என்று வாதாடும் ஆய்வாளர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் 1723-ல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் தொகுத்த சட்டப் புத்தகம் அச்சாகிவிட்டது.

இன்று ஃப்ரீமேசன் என்றால் பலருக்கும் டான் பிரவுன் நாவல்தான் ஞாபகம் வரும். உலகத்தையே திரைக்குப் பின்னால் இருந்து ஆட்டிவைக்கும் ரகசியக் கும்பல் என்ற கதைகளுக்கும் பஞ்சமில்லை. அந்தக் கதைகளை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால் அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "லாட்ஜுக்குள் எல்லோரும் சமம்" என்று முந்நூறு வருடமாகச் சொல்லி வருகிறார்களே, அது உண்மையாக இருந்ததா?

உள்ளே என்ன நடக்கிறது?

முதலில் கதவு. கதவுக்கு வெளியே ஒருவர் உருவிய வாளுடன் நிற்பார். அவர் பெயர் டைலர். (துணி தைப்பவர் அல்ல!) சம்பந்தமில்லாதவர்கள் உள்ளே வராமல் பார்ப்பது அவர் வேலை. உள்ளே கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை. கிழக்கே தலைவர், மேற்கே முதல் கண்காணிப்பாளர், தெற்கே இரண்டாம் கண்காணிப்பாளர். தலைவர் கழுத்தில் தொங்குவது மூலைமட்டம். மற்ற இருவருக்கும் மட்டம் பார்க்கும் கருவியும் தூக்குக்குண்டும். நம்மூர்க் கொத்தனார் பையில் இருக்கும் அதே சாமான்கள்தான்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. மூலைமட்டம் என்றால் நடத்தையில் நேர்மை. தூக்குக்குண்டு என்றால் வளையாமல் நிற்பது. ரசமட்டம் என்றால் சமத்துவம். பிறப்பில் யார் மேல் யார் கீழ் என்பதை வெளியே விட்டுவிட்டு வர வேண்டும்.

புதிதாகச் சேருபவரை ஏற்பதற்கு முன் ஓட்டெடுப்பு நடக்கும். வெள்ளைப் பந்து என்றால் சம்மதம், கறுப்புப் பந்து என்றால் மறுப்பு. யார் போட்டது என்று தெரியாது. தேறிவிட்டால் அவர் கண்ணைக் கட்டி, கழுத்தில் கயிறு மாட்டி, கால்சட்டையின் ஒரு பக்கத்தை முழங்கால் தெரிய மடித்துவிட்டு உள்ளே அழைத்து வருவார்கள். மோதிரம், கடிகாரம், சில்லறை என்று உலோகம் எதுவும் அவரிடம் இருக்கக் கூடாது.

கேலிக்கூத்து போலத் தோன்றும். ஆனால் சடங்கின் நடுவே ஒரு இடம் வருகிறது. ஏழைகளுக்காக ஏதாவது கொடுங்கள் என்று அவரிடம் கேட்பார்கள். அவர் எதைக் கொடுப்பார்? எல்லாவற்றையும்தான் வெளியே வாங்கி வைத்துக்கொண்டார்களே! வெறுங்கையோடு, எல்லோர் முன்னாலும், இல்லை என்று சொல்ல வேண்டும். இனிமேல் இப்படி வெறுங்கையோடு ஒரு மனிதன் உன் முன் வந்து நின்றால் இந்த நிமிடத்தை நினைத்துக்கொள் என்பதுதான் பாடம். பணக்காரனாக இருந்தாலும் அந்த ஒரு நிமிடம் அவன் இல்லாதவன்தான்.

லாட்ஜுக்குள் இரண்டு பேச்சுக்குத் தடை: மதச் சண்டை, அரசியல் சண்டை. ஆண்டர்சனின் புத்தகம் வந்தபோது இங்கிலாந்தில் இந்த இரண்டுக்காகவும் ஆட்கள் வெட்டிக்கொண்டு செத்து நூறு வருடம்கூட ஆகியிருக்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. எந்த மதமாக இருந்தாலும் சரி, ஒரு பரம்பொருளை நம்பினால் போதும் என்றார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் "பிரபஞ்சத்தின் மாபெரும் கட்டிடக் கலைஞர்". யாருடைய மனதும் புண்படாத பெயர்! ஆனாலும் 1738-ல் போப் பன்னிரண்டாம் கிளெமென்ட், கத்தோலிக்கர்கள் இதில் சேரக் கூடாது என்று ஆணை போட்டார்.

பாஸ்டனில் ஒரு சோதனை

கொள்கை எழுதுவது சுலபம். அதே ஆண்டர்சன் புத்தகத்தில் இன்னொரு விதியும் இருந்தது. உறுப்பினர் சுதந்திரமாகப் பிறந்தவராக இருக்க வேண்டும். அடிமை கூடாது. பெண்கள் கூடாது. ரசமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே இப்படியும் எழுதினார்கள்.

இந்த முரண்பாட்டின் நடுவில் வந்து நின்ற மனிதர் பிரின்ஸ் ஹால். பாஸ்டனில் தோல் பதனிடும் தொழில் செய்த கறுப்பினத்தவர். இவரும் இன்னும் பதினான்கு சுதந்திரக் கறுப்பர்களும் பிரிட்டிஷ் படைப்பிரிவோடு இருந்த ஒரு ஐரிஷ் ராணுவ லாட்ஜில் மேசன்களாகச் சேர்ந்தார்கள். 1775 மார்ச் என்பது மரபாகச் சொல்லும் தேதி, 1778 என்பது பிற்கால ஆய்வு. எதிரிப் படையின் லாட்ஜ்தான் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. சொந்த ஊர் வெள்ளைக்காரர்களின் லாட்ஜ்கள் அவர்களைச் சேர்க்கவில்லை.

முதலில் கிடைத்தது அரைகுறை அனுமதி. கூடலாம், யோவான் திருநாளில் ஊர்வலம் போகலாம், இறந்த சகோதரர்களை முறைப்படி அடக்கம் செய்யலாம். புதியவர்களைச் சேர்க்க முடியாது. முழு உரிமைக்காக ஹால் லண்டனுக்குக் கடிதம் எழுதினார். 1784 செப்டம்பர் 29 தேதியிட்ட சாசனம் அங்கிருந்து கிடைத்தது. அது பாஸ்டனுக்கு வந்து சேர்ந்தது 1787-ல்! ஆப்பிரிக்க லாட்ஜ், எண் 459.

லாட்ஜ் அவர்களுக்கு வெறும் மாலை நேரப் பொழுதுபோக்கு இல்லை. அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி 1777-ல் மாசசூசெட்ஸ் சட்டசபைக்குப் போன மனுவில் ஹாலின் பெயர் இருக்கிறது. 1787-ல் கறுப்புக் குழந்தைகளுக்குப் பள்ளி கேட்டு இன்னொரு மனு.

1788 பிப்ரவரியில் நடந்தது தனிக் கதை. வேலை தருவதாகச் சொல்லி மூன்று சுதந்திரக் கறுப்பர்களைக் கப்பலுக்குள் வரவைத்து, அப்படியே கரீபியக் கடலுக்குக் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள், விற்பதற்காக. ஹாலும் லாட்ஜ் சகோதரர்களும் சட்டசபைக்கு மனு கொடுத்தார்கள். பாதிரியார்களும் குவேக்கர்களும் குரல் கொடுத்தார்கள். அடுத்த மாதமே மாசசூசெட்ஸ் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்து சட்டம் போட்டது. கவர்னர் ஹான்காக் அந்தத் தீவுகளுக்குக் கடிதம் எழுதினார்.

அந்த மூவரில் ஒருவர் மேசன். பாஸ்டன் பாதிரியார் ஜெரமி பெல்க்நாப் எழுதிய கடிதத்தில் இது வருகிறது. தீவில் அவர்களை ஒரு வியாபாரியிடம் விலை பேசினார்கள். அந்த வியாபாரியும் மேசன். இருவரும் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். விற்கப்பட வந்தவர் தன் கதையைச் சொன்னார். விஷயம் அந்தத் தீவின் கவர்னர் வரை போனது. விற்பனை நின்றது. மூவரும் அதே ஆண்டு பாஸ்டனுக்கு உயிரோடு திரும்பி வந்தார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விலை பேசப்படும் மனிதனும் விலை பேசும் மனிதனும் நேருக்கு நேர். இடையில் இருந்தது ஒரு ரகசிய அடையாளம் மட்டும். எத்தனையோ லாட்ஜ்களில் எத்தனையோ கனவான்கள் விருந்துக்கு முன் ஒப்பித்துவிட்டு மறந்த உறுதிமொழி, அந்தக் கடற்கரையில் ஒரு தடவை வேலை செய்தது.

ஆனால் அந்த வியாபாரி மேசனாக இல்லாமல் இருந்திருந்தால்? கடத்தப்பட்ட மூவரில் யாருமே மேசனாக இல்லாமல் இருந்திருந்தால்? சகோதரத்துவம் சகோதரர்களுக்கு மட்டும்தான் என்றால் அது எவ்வளவு சின்ன குடை!

அந்தக் குடைக்குள்ளேயும் இவர்களுக்கு இடம் தர அமெரிக்க வெள்ளை லாட்ஜ்கள் தயாராக இல்லை. உங்கள் லாட்ஜ் முறைப்படியானது இல்லை என்று காரணம் சொன்னார்கள். லண்டன் கையெழுத்துப் போட்ட சாசனமே கையில் இருந்தும்! ஹால் 1807-ல் இறந்தார். அவர் பெயரிலேயே தனி அமைப்பு வளர்ந்தது. கனெக்டிகட் மாநில கிராண்ட் லாட்ஜ் அவர்களைச் சகோதரர்களாக ஏற்றது 1989-ல். இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் ஏற்றது 1994-ல். அமெரிக்கத் தென் மாநிலங்கள் சில 2000-க்குப் பிறகும் தயங்கின. "சுதந்திரமாகப் பிறந்தவர்" என்ற விதியையாவது இங்கிலாந்து 1847-ல் "சுதந்திர மனிதர்" என்று மாற்றிவிட்டிருந்தது. அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்றவர்களும் சேரட்டும் என்பதற்காக.

இந்தியாவுக்கு வந்தபோது

கிழக்கிந்தியக் கம்பெனியோடு லாட்ஜும் இங்கே வந்தது. இந்தியர்களில் முதலில் சேர்ந்தவராகச் சொல்லப்படுபவர் ஆற்காடு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா. சேர்ந்த இடம் நம்ம திருச்சிராப்பள்ளி, 1770-களில். லண்டனிலிருந்து அவருக்கு ஏப்ரனும் சட்டப் புத்தகமும் பரிசாக வந்தன. நவாபு மகன் என்றால் கதவு உடனே திறக்கிறது!

சாதாரண இந்துவுக்கு அப்படித் திறக்கவில்லை. பல கடவுள்களைக் கும்பிடுகிறவர்கள் ஒரே பரம்பொருளின் பேரில் எப்படிச் சத்தியம் செய்வார்கள் என்று கேட்டார்கள். கல்கத்தாவில் பி.சி. தத் என்ற வங்காளி 1860-களிலேயே கேட்டுப் பார்த்தார். எதிர்ப்பு, கடிதப் போக்குவரத்து, மேல்முறையீடு என்று இழுத்தது. 1872-ல்தான் உள்ளே போக முடிந்தது. அதற்குப் பிறகு பன்னிரண்டே வருடத்தில், 1884-ல், அதே கல்கத்தாவில் நரேந்திரநாத் தத்தா என்ற இளைஞர் ஒரு லாட்ஜில் சேர்ந்தார். பின்னாளில் உலகம் அவரை விவேகானந்தர் என்று அறிந்தது.

லாகூரில் 1886-ல் சேர்ந்த ரட்யார்ட் கிப்ளிங்குக்கு அப்போது இருபது வயதுதான். இந்து, முஸ்லிம், சீக்கியர், யூதர் என்று எல்லோரும் கூடிய லாட்ஜைப் பற்றிப் பின்னால் "தாய் லாட்ஜ்" என்ற பொருளில் ஒரு கவிதை எழுதினார். வெளியே சல்யூட்டும் சலாமும், உள்ளே சகோதரா என்ற விளிப்பு. ஆனால் அந்தக் கவிதையிலேயே ஒரு நெருடல் இருக்கிறது. யாருடைய சாதியும் கெட்டுவிடக் கூடாது என்று அவர்கள் விருந்து வைப்பதில்லை. ஒரே தரையில் நிற்கலாம், ஒரே பந்தியில் உட்கார முடியாது! கதவுக்கு வெளியே நின்ற டைலரின் வாளுக்குத் தப்பிச் சாதி உள்ளே வந்துவிட்டது.

பெண்களுக்குக் கதவு திறந்தது வேறு வழியில். ஆணும் பெண்ணும் சேர்ந்த லாட்ஜ் அமைப்பு ஒன்று 1893-ல் பாரிஸில் தொடங்கியது. அடையாறு பிரம்மஞான சபையின் அன்னி பெசன்ட் 1902-ல் அதில் சேர்ந்து, இந்தியாவுக்கும் கொண்டுவந்தார். பழைய கிராண்ட் லாட்ஜ்கள் இன்றுவரை ஆண்களை மட்டுமே சேர்க்கின்றன.

சென்னை மெரினாவில் போலீஸ் தலைமையகமாக இருக்கும் வெள்ளைக் கட்டிடம் 1839-ல் மேசன்கள் தங்களுக்காகக் கட்டியது என்பது பலருக்குத் தெரியாது. இந்தியாவுக்கென்று தனி கிராண்ட் லாட்ஜ் 1961 நவம்பர் 24-ல் உருவானது. இங்கே பைபிளோடு கீதை, குர்ஆன் முதலான நூல்களும் பீடத்தில் இருக்கும். அவரவர் நூலின் மேல் அவரவர் சத்தியம். பாகிஸ்தானிலோ 1972-ல் தடை போட்டுவிட்டார்கள். லாகூர் மேசன் மண்டபம் அரசாங்கத்துக்குப் போனது.

கடைசியில்

லாட்ஜ் மாலை ஒன்று பெரும்பாலும் சுவாரசியமற்றது என்று சொன்னால் சதிக் கதைப் பிரியர்கள் நம்ப மாட்டார்கள். போன கூட்டத்தின் குறிப்பு வாசிப்பு, சந்தா பாக்கி, யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தச் சகோதரரின் விதவைக்கு உதவி தேவை, ஒரு தர்மப் பை கைமாறுவது. ரகசியம் என்று சொல்லப்பட்ட சடங்குகள் எல்லாம் 1730-லிருந்தே அச்சில் கிடைக்கின்றன. சதி செய்ய நினைப்பவர்கள் இவ்வளவு மனப்பாடம் செய்ய மாட்டார்கள்.

பிறகு சாப்பாடு. ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கோப்பை உயர்த்துவார்கள். இங்கிலாந்து வழக்கப்படி கடைசிக் கோப்பை டைலருடையது. மாலை முழுக்கக் கதவுக்கு வெளியே நின்ற அந்த மனிதர், உலகத்தின் எந்த மூலையிலோ வறுமையிலும் துயரத்திலும் இருக்கும் மேசன்களுக்காக அதை உயர்த்துவார். அந்த அறையில் இல்லாதவர்களுக்காக.

அழகான வழக்கம்தான். ஆனால் "மேசன்களுக்காக" என்ற அந்த ஒரு சொல்லில்தான் முந்நூறு வருடச் சிக்கலும் இருக்கிறது. பிரின்ஸ் ஹால் சட்டசபைக்கு எழுதிய மனுக்களில் அந்தச் சொல்லுக்குள் நிற்கவில்லை. கடத்தப்பட்ட மூவருக்காகவும் எழுதினார். லாட்ஜில் கற்ற பாடத்தைக் கதவுக்கு வெளியே கொண்டுபோனவர் அவர். கொண்டுபோகாதவர்களுக்கு அது நல்ல சாப்பாட்டோடு கூடிய ஒரு கிளப். அவ்வளவுதான்.