எந்த ஊசி, எந்த வேகம்

ஏற்கெனவே நல்ல டிஜிட்டல் ஒலியமைப்பு இருக்கும்போது இசைத்தட்டுக் கருவி எதற்கு என்று கடந்த இரு மாதங்களாக நண்பர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் அறையில் இருப்பது எளிய அமைப்புதான்: மடிக்கணினி, டிஜிட்டல் சமிக்ஞையை அனலாக்காக மாற்றும் சிறு பெட்டி, ஓர் ஆம்ப்ளிஃபயர், புத்தக அலமாரியில் அடங்கும் இரண்டு ஸ்பீக்கர்கள். ஆய்வுக்கான பேச்சுப் பதிவுகளைக் கேட்பதற்கென்று வாங்கியவை; மாலை வேளைகளில் பாட்டும் அவற்றிலேதான். அவற்றுக்குத் துணையாக ஒரு டர்ன்டேபிள் வாங்குவதா, வாங்கினால் எதை வாங்குவது என்ற கேள்வி எனக்குள் எப்படித் தீர்ந்தது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். வீட்டுப் பரணில் பழைய தட்டுகள் வைத்திருப்போர் எவருக்கேனும் பயன்படக்கூடும்.

முதலில் ஒரு வாதத்தை ஒதுக்கிவிட வேண்டும். இசைத்தட்டின் ஒலி டிஜிட்டல் ஒலியைவிட உயர்ந்தது என்பதற்காக நான் இதை வாங்கவில்லை. அளவுகள் அப்படிச் சொல்லவில்லை. ஒரு குறுந்தகட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபல் இடைவெளி உண்டு. நல்ல எல்.பி. தட்டில் அது 60 முதல் 70 டெசிபல் வரைதான். எல்.பி. தட்டின் வெளி விளிம்பில் ஊசி நொடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் பள்ளத்தைக் கடக்கிறது. கடைசிப் பாட்டை நெருங்கும்போது அது 20 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டிவருவதால் உட்பக்கப் பாடல்களில் சிதைவு கூடுகிறது. இன்று புதிதாக வெளியாகும் தட்டுகள் பலவும் டிஜிட்டல் மூலத்திலிருந்தே அச்சிடப்படுகின்றன. ஆகவே கணினியில் தெளிவாகக் கேட்கும் ஒன்றையே தட்டில் மீண்டும் வாங்கிக் கேட்பதில் எனக்கு நாட்டமில்லை. அதில் இன்பம் காண்போரோடு எனக்குச் சண்டையும் இல்லை.

எனக்குக் காரணம் வேறு. என் தாயைப் பெற்ற தாத்தா திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிற்றூரில் மைக்செட் வைத்திருந்தார். 1950களின் நடுவிலிருந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அவ்வட்டாரத்துக் கல்யாணங்களிலும் கோயில் கொடைகளிலும் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டவர். அவர் விட்டுச்சென்ற மூன்று டிரங்குப் பெட்டிகளில் 140 தட்டுகள் இருக்கின்றன: 61 எழுபத்தெட்டு வேகத் தட்டுகள், 52 ஈ.பி., 27 எல்.பி. வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள். 'இதை என்ன செய்ய, பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுரவா?' என்று மாமா கேட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் அவற்றை இயக்கும் கருவி கெட்டுப்போய் இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஓசை எழுப்பாத தட்டு வெறும் பாரம்தான்.

பட்டியல் போட்டு இணையத்தில் தேடினேன். திரைப்பாடல்களில் பெரும்பாலானவை கிடைத்தன. பத்தொன்பது எழுபத்தெட்டுத் தட்டுகளில் உள்ளவை மட்டும் எங்கும் கிட்டவில்லை: நாடகப் பாட்டுகள், நகைச்சுவை உரையாடல்கள், மூன்றேகால் நிமிடத்துக்குள் ஒரு ராகத்தை முடித்துவைக்கும் நாதஸ்வரத் தட்டுகள். இவை போய்விட்டால் எனக்கு எட்டிய அளவில் இவற்றின் ஒலியும் போய்விடும்.

கிடைத்த பாடல்களுக்கும் தட்டு தேவைப்படுகிறது என்பதை உறைகள் காட்டின. தாத்தா தட்டுகளைப் படத்தின் பெயரால் அடுக்கவில்லை. சடங்கின் நேரத்தால் அடுக்கியிருக்கிறார். உறையின் மூலையில் பென்சிலால் 'மாப்பிள்ளை அழைப்பு', 'பந்தி 1', 'பந்தி 2', 'விடியக்காலம்', 'சாமி புறப்பாடு'. சிலவற்றில் 'இந்த ஊரில் போடக்கூடாது' என்று ஊர்ப்பெயருடன் ஒரு குறிப்பு. எந்த ஊரில் எந்தப் பாட்டு எந்தச் சண்டையைக் கிளப்பும் என்பது மைக்செட்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கலை. இணையத்தில் கிடைக்கும் கோப்பு பாடகர், இசையமைப்பாளர், ஆண்டு என்ற மூன்றைத்தான் சொல்கிறது. ஒரு வட்டாரம் அந்தப் பாட்டை எந்த வேளையில் எதற்காகக் கேட்டது என்பதைச் சொல்வது இந்த உறைதான்.

இவ்வளவும் தெளிந்தபின், எந்தக் கருவி என்ற கேள்வி எளிதாயிற்று. டிஜிட்டல் அமைப்போடு போட்டியிடும் கருவி எனக்கு வேண்டாம். அதனால் செய்ய இயலாத வேலையைச் செய்யும் கருவி வேண்டும். தட்டுகளைக் காயப்படுத்தாமல், சரியான வேகத்தில், சரியான ஊசியால் படித்து, கணினிக்குள் ஒருமுறை ஒழுங்காகச் சேர்த்துவிட வேண்டும். அழகும் விளம்பரமும் இந்தத் தேவைக்குப் பின்னால்தான்.

ஊசியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பணத்தில் பெரும்பங்கு அங்கேதான் போக வேண்டும். எல்.பி. பள்ளம் நுண்ணியது, அதற்கான கூம்பு ஊசியின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான். எழுபத்தெட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு 76 மைக்ரான் அளவிலான ஊசி வேண்டும். எல்.பி. ஊசியை எழுபத்தெட்டில் வைத்தால் அது பள்ளத்தின் சுவர்களைத் தொடாமல் அடியில் கிடக்கும் தூசியில் உருளும். பாட்டைவிட இரைச்சலே மிகுதியாகக் கேட்கும். தாத்தா காலத்து எஃகு ஊசிகள் ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்றப்பட வேண்டியவை. கனத்த கையின் அழுத்தத்தில் அவை பள்ளத்தின் சுவரை ஒரே உயரத்தில் தேய்த்திருக்கின்றன. சற்றே பெரிய அல்லது சிறிய முனை கொண்ட ஊசி தேயாத உயரத்தில் உட்கார்ந்து, போய்விட்டது என்று நினைத்த குரலை மீட்டுத் தரும். ஒலி ஆவணக் காப்பகங்கள் பல அளவு ஊசிகள் வைத்திருப்பது இதனால்தான். எனவே என் முதல் நிபந்தனை: முனையை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய கார்ட்ரிட்ஜ்.

இரண்டாவது நிபந்தனை வேகம். எழுபத்தெட்டு என்று பெயர் இருந்தாலும் தொடக்ககாலத் தட்டுகள் எல்லாம் அந்த வேகத்தில் பதிவானவை அல்ல. நிமிடத்துக்கு எழுபது சுற்று முதல் எண்பதைத் தாண்டியும் பதிவு செய்திருக்கிறார்கள். 75 சுற்றில் பதிவான தட்டை 78-இல் சுழற்றினால் ஒலி நான்கு விழுக்காடு உயரும். அது அரைக்கட்டையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. சுருதி மட்டும் ஏறினால் பரவாயில்லை. வாயறையின் ஒத்ததிர்வுகளும் சேர்ந்து ஏறுவதால் பாடியவர் வயது குறைந்தவராகவும் தொண்டை சிறியவராகவும் தோன்றுவார். 1933-இல் மறைந்த கிட்டப்பா எந்தக் கட்டையில் பாடினார் என்று வாதிடுவோர், தாம் கேட்கும் பிரதி எந்த வேகத்தில் சுழன்ற தட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று முதலில் கேட்க வேண்டும். ஆகவே 78 வேகமும், அதைச் சற்றே கூட்டவும் குறைக்கவும் வழியும் இல்லாத கருவி எனக்கு உதவாது.

இவ்விடத்தில் என் துறை குறுக்கிடுகிறது, பொறுத்தருள்க. மின்சார ஒலிப்பதிவு 1925-இல் வந்தது. அதற்கு முன் புனலில் பாடிப் பதிவு செய்தபோது ஏறத்தாழ 2,500 ஹெர்ட்ஸுக்கு மேலான ஒலிகள் தட்டில் ஏறவேயில்லை. ஸகரத்தின் சீறல் அதன் ஆற்றலில் பெரும்பகுதியை 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் வைத்திருக்கிறது. அதனால் அக்காலத் தட்டுகளில் ஸகரம் மங்கி, தகரம்போலவோ வெறும் மூச்சுப்போலவோ கேட்கும். நம் ழகரத்தின் அடையாளமோ மூன்றாம் ஒத்ததிர்வு கீழிறங்குவதில் இருக்கிறது. அந்த இறக்கம் தட்டு ஏற்றுக்கொண்ட எல்லைக்குள்ளேயே நிகழ்வதால் ழகரம் தப்பிப் பிழைக்கிறது. நூறாண்டுப் பழந்தட்டிலும் ஒருவர் 'வாழ்க' என்றாரா 'வாள்க' என்றாரா என்று பெரும்பாலும் சொல்லிவிட முடியும். 1910களிலும் 1920களிலும் கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவாய்வையொட்டி நம் நாட்டு மொழிகள் கிராமபோன் தட்டுகளில் பேசிப் பதிவு செய்யப்பட்டன என்பதையும் நினைவுகொள்க. இசைத்தட்டு இசைக்கு மட்டும் உரியதன்று. அது பேச்சின் ஆவணமும்கூட. தாத்தாவின் நகைச்சுவைத் தட்டுகளில் மறைந்துபோன ஒரு பேச்சு நடை இருக்கிறது. எனக்கு அவை பாட்டுத் தட்டுகளைவிட அரியவை.

எல்.பி.க்களைப் பொறுத்தவரை ஸகரமே நல்ல சோதனை. உட்பக்கப் பாட்டில் ஸ, ஷ ஒலிகள் துப்பலாகச் சிதறினால் ஊசி பள்ளத்தைச் சரியாகப் பின்தொடரவில்லை என்று பொருள். நீள்வட்ட முனை கூம்பு முனையைவிட இதில் மேல். மைக்ரோலீனியர் எனப்படும் கூரிய வடிவம் அதனினும் மேல், விலையும் அவ்வாறே.

சந்தையில் நான்கு வழிகள் தெரிந்தன. பெட்டி வடிவில் வரும் மலிவுக் கருவிகளில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ். அழுத்தம் ஐந்து கிராமைத் தொடும். நல்ல காந்தக் கார்ட்ரிட்ஜுக்கு இரண்டு கிராம் போதும். பெட்டிக் கருவியை விலக்கினேன். இங்கே கொல்கத்தாவில் ஃப்ரீ ஸ்கூல் தெருப் பழைய தட்டுக் கடைகளில் எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற அக்காலக் கருவிகளைக் காட்டுகிறார்கள். பார்க்கக் கண்ணுக்கு இதம்; ஆனால் உதிரிப்பாகம் தேடி அலையும் நேரம் ஆய்வேட்டுக்கு உரியது. ரேகா பிளானர் 1 போன்ற பெல்ட் கருவிகள் எல்.பி.க்கு மிக நேர்த்தியானவை. அதில் 78 இல்லை. மீந்தது ஆடியோ-டெக்னிகா எல்.பி.120எக்ஸ் வகை: மோட்டார் நேரடியாகச் சுழற்றும் தட்டு, மூன்று வேகங்கள், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நழுவுபொத்தான், வி.எம்.95 வரிசைக் கார்ட்ரிட்ஜ். அந்த வரிசையில் நீள்வட்டம், மைக்ரோலீனியர், எழுபத்தெட்டுக்கான தடித்த முனை ஆகிய மூன்றும் ஒரே உடலில் மாற்றிப் பொருத்தத்தக்கவை. முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

டிஜிட்டல் அமைப்போடு இணைப்பதில் ஒரு நுணுக்கம். கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட். என் டிஜிட்டல் பெட்டி தருவது இரண்டு வோல்ட். இன்றைய ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் ஃபோனோ உள்ளீடு கிடையாது. இடையே ஒரு ஃபோனோ பிரீஆம்ப் வேண்டும். நான் சொன்ன கருவியில் அது உள்ளேயே இருக்கிறது. அது ஒலியைப் பெருக்குவதோடு, பதிவின்போது குறைக்கப்பட்ட தாழொலியையும் கூட்டப்பட்ட உச்ச ஒலியையும் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற அந்தப் பொது ஒழுங்கு 1954-இல் வந்தது. அதற்கு முந்தைய தட்டுகளுக்கு அது பொருந்தாது. அவற்றைக் கணினியில் தனியே திருத்திக்கொள்ள வேண்டும். எழுபத்தெட்டுகள் ஒற்றைத் தடத்தவை. எனவே இடம், வலம் இரண்டையும் கூட்டி ஒன்றாக்கினால் ஊசியின் மேல்கீழ் ஆட்டத்தால் வரும் இரைச்சல் தானே கழிந்துவிடும். இந்தத் திருத்தங்களில் எனக்குத் தோள்கொடுப்பது டிஜிட்டல் அமைப்புதான். தட்டு மூலம், கணினி அதன் படி. ஒன்று இல்லாமல் மற்றதற்கு இங்கே வேலை இல்லை.

கழுவுவதில் ஓர் எச்சரிக்கை. வினைல் தட்டுக்கு ஆல்கஹால் கலந்த கரைசல் தாங்கும். எழுபத்தெட்டுகளில் பெரும்பாலானவை அரக்கால் ஆனவை, ஆல்கஹால் பட்டால் கரையும். காய்ச்சி வடித்த நீரும் ஒரு சொட்டு மென்சோப்பும் போதும். காகித லேபிள் நனையக்கூடாது. தட்டுகளைக் கிடத்தி அடுக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும். கொல்கத்தாவின் மழைக்காலம் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்; உறைகள் தனியே, பென்சில் எழுத்து அழியாமல், நிழற்படம் எடுக்கப்பட்ட பிறகு காற்றோட்டமான பெட்டியில்.

செலவு என் ஒரு மாத உதவித்தொகையைத் தாண்டுகிறது. அந்தத் தொகையும் மாதம் தவறாமல் வருவதில்லை. இருந்தும் கணக்குப் போட்டபோது துணிவு வந்தது. கருவியை நாளையும் வாங்கலாம், நாளை மறுநாளும் வாங்கலாம். தட்டுகளுக்கு அந்த அவகாசம் இல்லை. எனவே வரிசையை மாற்றினேன். முதலில் தட்டுகள், பிறகு கருவி. 'மாமா, போட்டுராதீங்க, தைக்கு முன்னாடி வந்து நானே எடுத்துக்கிடுதேன்' என்று சொல்லிவிட்டேன். டிரங்குப் பெட்டிகளிலேயே, தட்டுக்குத் தட்டு அட்டை வைத்து, இரண்டு ரயில் மாறிக் கொண்டுவர வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இத்தட்டுகளில் பலவற்றின் லேபிளில் டம்டம் என்ற பெயர் இருக்கிறது. 1908-இல் சியால்டாவில் தொடங்கி, 1920களின் இறுதியில் டம்டம்முக்கு மாறிய தொழிற்சாலை அது. நான் தங்கியிருக்கும் இடத்திலிருந்து அரைமணிப் பயணம். தமிழ் அறியாத கைகள் அச்சிட்டுத் தெற்கே அனுப்பியவை, பந்தியிலும் கொடையிலும் பாடி முடித்துப் பிறந்த ஊருக்குத் திரும்புகின்றன.

உங்கள் வீட்டிலும் தட்டுகள் இருக்கலாம். கருவி வாங்கும் வசதி இப்போது இல்லையென்றாலும் மூன்று வேலைகளை இந்த வாரமே செய்யலாம். நிறுத்தி வையுங்கள். லேபிளையும் உறையின் இரு புறத்தையும் படமெடுங்கள். எந்தத் தட்டு எப்போது ஒலித்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊசியையும் வேகத்தையும் பிறகு சரிசெய்துகொள்ளலாம். அந்த மூன்றாவது வேலைக்கு மட்டும் எந்தக் கடையிலும் உதிரிப்பாகம் கிடையாது.